கன்ட்ரோலைக் குடித்தவர்

ஆன்லைனில் அறிவியல் படிப்பு என்றதும் லேபிளக்காவின் மனசில் ஓடிய படமே வேறு. சோபாவில் சாய்ந்துகொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, துணி மடித்தபடியே பாடம் கேட்கலாம். தோதுப்பட்டபோது பரீட்சை எழுதலாம். கடைசியில் சான்றிதழ் மெயிலில் வந்து விழும். யாரம்மா உனக்கு இப்படிச் சொன்னது என்று கேட்டால், யாருமே சொல்லவில்லை. அவளாகவே கட்டிக்கொண்ட மனக்கோட்டை அது.

லேபிளக்கா என்ற பேர் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வந்தது. வருகிறவர்களின் பேரைக் கேட்டு, வயதைக் கேட்டு, குழாய்களில் லேபிள் ஒட்டி உள்ளே அனுப்புவது அவள் வேலை. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு குழாய்கூட ஆள் மாறிப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அவள் கண் எப்போதும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான். அங்கேதான் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் குழாய்களைச் சுழல விட்டு, சொட்டு சொட்டாகப் பிரித்து, மனுஷனுடைய உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். நானும் ஒருநாள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கல்லூரியில் ஓர் அறிவியல் பாடம் தேறிவிட்டு வா, லேப் பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறேன், இந்த வருஷம் ஓர் இடம்தான் காலி என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

சேர்ந்த முதல் வாரமே சறுக்கல். அறிக்கையை ஞாயிறு மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து படிக்கிற படிப்புக்குக் கெடு ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டு, லேபிளக்கா திங்கட்கிழமை காலையில் டீயைக் குடித்துவிட்டு சாவகாசமாகத் திறந்தாள். அறிக்கை போடும் இடம் பூட்டிக் கிடந்தது. மார்க் என்ற கட்டத்தில் கொழுகொழுவென்று ஒரு பூஜ்யம். பேராசிரியைக்கு உருகி உருகி மெயில் எழுதினாள். பதில் ஒரே வரியில் வந்தது: முதல் வீடியோவைப் பார்த்தீர்களா?

எங்கே பார்த்தாள்? அதற்கு 'இந்தப் பாடத்தில் என்ன எதிர்பார்க்கலாம்' என்று தலைப்பு. ஏதோ வரவேற்புரை, பொன்னாடை சமாசாரம் என்று நினைத்து விளம்பரத்தைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டிருந்தாள். இப்போது உட்கார்ந்து பார்த்தாள். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு, சிரிக்காமல், ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தார். நேரில் வந்து படிப்பவர்களுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவும் உங்களுக்கு உண்டு, பஸ் பயணம் மட்டும்தான் மிச்சம். நேரலை வகுப்பில் கேமரா எரியவேண்டும், கேமராவுக்கு முன்னால் நீங்களும் இருக்கவேண்டும். சந்தேகத்தை மூட்டை கட்டி வைக்காமல் அன்றன்றைக்கே கேளுங்கள். நெட் போய்விட்டது, லேப்டாப் படுத்துவிட்டது என்றெல்லாம் கடைசி நிமிஷத்தில் வந்து நிற்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடம் என்ன செய்கிறீர்கள், எப்போது செய்கிறீர்கள் என்று சொல்லிவையுங்கள். சோதனை கெட்டுப்போனால் குடி முழுகிவிடாது, ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து எழுதினால் தேறலாம். ஏனென்றே தெரியவில்லை என்றால் பூஜ்யம். இரண்டு பூஜ்யம் வாங்கினால் பாடத்திலிருந்து வெளியே.

லேபிளக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு பூஜ்யம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அன்றிலிருந்து ஆளே மாறிப்போனாள். சுவரில் அட்டவணை, போனில் அலாரம், ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப். பேராசிரியை சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்தாள். வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவைக்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் இருப்பவர் என்றால் ஒரே ஒருத்தர்தான், மாமனார். கணவன் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறான். சிக்னல் கிடைத்தால் பேசுவான், லீவு கிடைத்தால் வருவான். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனுஷனை இப்போது ஒரு சர்க்கரை வியாதி தரையில் உட்காரவைத்துவிட்டது. டாக்டர், மகன், பக்கத்து வீட்டுக்காரி, பேசுகிற எல்லாரும் அவரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சர்க்கரை கன்ட்ரோல்ல இருக்கா? கன்ட்ரோல் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

முன்பெல்லாம் லேபிளக்கா வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இன்றைக்கு ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தது யார் என்று அவர் கேட்பார், அவள் நடித்தே காட்டுவாள். படிப்பு வந்ததும் அது நின்றுபோனது. அவர் ஏதாவது சொன்னால் அவள் திரையைப் பார்த்தபடியே உம் கொட்டுவாள். ஒருநாள் அவர் வேண்டுமென்றே, வீடு தீப்பிடித்து எரியுதும்மா என்றார். அதற்கும் உம் தான் வந்தது. காலேஜுக்குப் போகிறாளாம், காலில் செருப்புகூட ஏறவில்லை என்று போனில் தன் தங்கச்சியிடம் புலம்பினார்.

இப்படி இருக்கையில் வந்து சேர்ந்தது சோதனைப் பெட்டி. அதுவும் முக்கியமான சோதனை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு விடும், பாட்டில் வாயில் மாட்டிய பலூன் அந்த வாயுவில் உப்பும், அதை அளந்து எழுதவேண்டும். ஒன்றில் நிறைய சர்க்கரை, ஒன்றில் கொஞ்சம், மூன்றாவதில் சர்க்கரையே கிடையாது. ஒன்றும் சேர்க்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே வைக்கிற அந்த மூன்றாவதற்குப் பேர் கன்ட்ரோல். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் சொல்வதை நம்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமனார் நடக்கப் போயிருந்தார். லேபிளக்கா சமையல் மேடையைத் துடைத்து லேப் ஆக்கினாள். பெட்டியில் வந்த மூன்று பிளாஸ்டிக் கப்பில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. சரி, என்ன இப்போது என்று அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த கண்ணாடி டம்ளரை எடுத்தாள். அது மாமனாருடைய டம்ளர் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்டைக் கரைத்தாள், வீட்டுச் சர்க்கரையைக் கரண்டியால் அளந்து போட்டாள், லேபிள் ஒட்டினாள். அவளுக்கே உரிய அச்செழுத்தில், டம்ளரின் மேல், 'கன்ட்ரோல் – சர்க்கரை சேர்க்கவில்லை'. கொஞ்ச நேரம் ஊறவேண்டும், அப்புறம் பாட்டிலுக்கு மாற்றவேண்டும். அதற்குள் நேரலை வகுப்புக்கு அலாரம் அடித்தது. அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து வந்தால் மேடையில் இரண்டு கப் இருக்கிறது. டம்ளர் சுத்தமாகக் கழுவி, தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. லேபிள் ஈரத்தில் உரிந்து தொங்குகிறது.

ஹாலில் மாமனார் தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம். என் மருமகள் என்னை மறக்கவில்லை, படிப்புக்கு நடுவிலேயும் எனக்காக சர்க்கரை கன்ட்ரோலுக்கு மருந்து கலக்கி வைத்திருக்கிறாள், அதுவும் என் டம்ளரில், கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி. ருசி மகா கேவலம், இருந்தாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டேன் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து தங்கச்சி உச்சுக்கொட்டுவது வாசல்வரை கேட்டது.

லேபிளக்கா அப்படியே நின்றுவிட்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மனுஷன் முகத்தில் இத்தனை வெளிச்சத்தைப் பார்த்துப் பல வாரம் ஆகிறது. இந்த நேரத்தில் போய், மாமா நீங்கள் குடித்தது என்னுடைய வீட்டுப்பாடம் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். மிச்சம் இருந்த இரண்டையும் பாட்டிலில் ஊற்றிப் பலூனை மாட்டினாள். அவை பாட்டுக்கு உப்ப ஆரம்பித்தன. ஈஸ்ட் பாக்கெட்டோ மூன்றே மூன்று, உபரி கிடையாது. வெளியே வாங்கிய ஈஸ்டைச் சேர்க்கக் கூடாது என்று தாளில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். அறிக்கை மாலைக்குள் போயாகவேண்டும்.

வகுப்பில் முன்பெஞ்சு என்று ஒருத்தன் உண்டு. பெஞ்சே இல்லாத வகுப்பில் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக ஓடி வருவதால் வந்த பேர். அவனிடம் புலம்பியதற்கு, இதற்குப் போய் அலட்டிக்கொள்ளலாமா அக்கா, கன்ட்ரோல் பலூன் எப்படியும் எழும்பாது, தொங்கிக்கொண்டுதான் இருக்கும், அப்படியே எழுதிவிடுங்கள் என்று தன்னுடைய தொங்கின பலூன் படத்தையும் அனுப்பிவைத்தான். லேபிளக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். சபலம் தட்டியது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் நிலையத்தில் ஒரு குழாய் உடைந்தால், இந்த வயசுக்கு இவ்வளவுதான் இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. ஆளைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். படத்தை அழித்தாள். மாமனார் குடித்துவிட்டார் என்று உள்ளது உள்ளபடி எழுதிவிடுவோம், காரணம்தான் தெரியுமே என்று தேற்றிக்கொண்டாள்.

மதியம் தாண்டியதும் மாமனாரின் வயிறு பேச ஆரம்பித்தது. முதலில் லேசாக உறுமியது, அப்புறம் மத்தளம் போல உப்பியது. பலூன் போட்டியில் மூன்றாவதாக அவரும் சேர்ந்துவிட்டார். வயிற்றைத் தடவிக்கொண்டே, மருந்து வேலை செய்யுதும்மா, நாளைக்கும் ஒரு டம்ளர் போட்டு வை என்றார். இதற்கு மேல் மறைத்தால் பாவம். லேபிளக்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஈஸ்ட், பலூன், கன்ட்ரோல் என்றால் என்ன அர்த்தம், டம்ளர் எப்படி அங்கே வந்தது, எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தாள், திட்டவில்லை.

"அப்போ அது எனக்குன்னு வச்சது இல்லையா?"

"இல்ல மாமா."

"சரி விடு. படிப்பு வந்ததுல இருந்து இந்த வீட்டுல எனக்குன்னு ஒண்ணும் நடக்கல. என் டம்ளர்ல எழுதி வச்சிருந்ததா, அதான் ஏமாந்துட்டேன்."

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

லேபிளக்கா எழுந்து நிலையத்து டாக்டருக்கு போன் போட்டாள். டாக்டர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வயிறு உப்புவது தானாகச் சரியாகும், வெந்நீர் கொடு, நடக்கச் சொல், எதற்கும் சர்க்கரையை ஒரு தடவை பார்த்துவிடு என்றார். வீட்டிலேயே மெஷின் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால், மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து லேபிளக்காவுக்குக் கண் இருட்டியது. எகிறிப் போயிருந்தது.

மறுபடி போன் போட்டபோது டாக்டர் சிரிக்கவில்லை. வெறும் ஈஸ்ட் தண்ணீருக்கு இப்படி ஏறாது, வேறு என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். லேபிளக்கா கேட்டாள். மாமனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான சாப்பாடுதான், வேறு ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்றார். மாத்திரை கொடுக்கச் சொல்லி, சாயங்காலம் திரும்பப் பார்க்கச் சொல்லி டாக்டர் வைத்துவிட்டார்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வேறு ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை எங்கிருந்து வந்தது? டம்ளரிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். அலாரம் அடித்த அவசரத்தில் மூன்றாவதிலும் ஒரு கரண்டி போட்டுவிட்டேனா? போடவில்லை என்றுதான் நினைவு. ஆனால் சத்தியம் பண்ண முடியுமா? எத்தனை கரண்டி போட்டோம் என்று யோசிக்க யோசிக்க எல்லாம் குழம்பியது. சர்க்கரை போட்டுவிட்டு 'சேர்க்கவில்லை' என்று லேபிள் ஒட்டியிருக்கிறாள் என்றால், ஒரு சர்க்கரை வியாதிக்காரருக்கு அவள் கையாலேயே கொடுத்த மாதிரி. லேபிளில் தப்பு பண்ணியவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் என்ன கிழிக்கப்போகிறாள்? அந்த நினைப்புதான் பூஜ்யத்தைவிட அவளைப் போட்டு வாட்டியது.

சாயங்காலம் மறுபடி பார்த்ததில் சர்க்கரை இறங்கியிருந்தது. அந்த நிம்மதியோடு அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். எழுதி முடிக்கும் நேரம் கணவன் கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லி, எழுதினதைப் படித்தும் காட்டினாள். கன்ட்ரோலை என் மாமனார் குடித்துவிட்டார். அதில் சர்க்கரை கலந்திருக்கக்கூடும் என்று அவருடைய ரத்தப் பரிசோதனை காட்டுகிறது. எப்படிக் கலந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் லேபிள்களையும், இந்தச் சோதனையின் எந்த அளவையும் நம்ப முடியாது. வீட்டில் இருப்பவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லாததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"இதை அனுப்பினா என்ன ஆகும்?" என்றான் அவன்.

"ஏன்னு தெரியலைன்னா பூஜ்யம். ரெண்டாவது பூஜ்யம். அத்தோட முடிஞ்சுது."

அவன் பதறிப்போனான். சர்க்கரை கலந்தது பற்றிய வரிகளை எடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். அடுத்த வருஷம் இடம் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"நில்லும்மா."

மாமனார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த போனை ஒரு பார்வை பார்த்தார். இனிப்பைக் கையால் தொடமாட்டேன் என்று மகன் கப்பல் ஏறும்போது அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தவர் அவர். போனை அணைத்துவிட்டுச் சொல்வார் என்றுதான் யாரும் நினைப்போம். அவர் அணைக்கவில்லை.

"உன் லேபிள்ல தப்பு இல்ல. அந்தத் தண்ணியில சர்க்கரையே இல்ல, வாயில வைக்க முடியல. பக்கத்து வீட்டுல பிள்ளைக்குப் பிறந்தநாள்னு நேத்து கேக் குடுத்தாங்க. என் அலமாரியில வச்சிருந்தேன். மருந்துதான் குடிச்சாச்சே, இனி கன்ட்ரோல்ல இருக்கும்னு தைரியம் வந்துடுச்சு. எடுத்துச் சாப்பிட்டேன்."

போனில் கப்பல் எஞ்சின் தூரத்தில் உறுமியது. அப்புறம் அப்பா என்று ஒரு குரல் வந்தது. மாமனார் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவர் மாதிரி மருமகளையே பார்த்தார்.

லேபிளக்கா கடைசி வரிகளில் வீட்டில் சொல்லாத குற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, சர்க்கரை ஏறியது கேக்கால்தான் என்று கை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது. காரணம் கிடைத்துவிட்டது. கெடுவுக்கு இன்னும் நேரமும் இருக்கிறது. பாதி வாக்கியத்தில் கை நின்றது.

"மாமா, அளவு எழுதணும். எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"எழுதிக்கோ, ஒரு துண்டு."

அவள் அடித்தாள். திரையை எட்டிப் பார்த்தார். அச்செழுத்தில் 'ஒரு துண்டு' என்று விழுந்திருந்தது. போனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார், எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

"அதை அழிச்சிடும்மா," என்றார். "நாலு. அதுல ஒண்ணு பெருசு."